தேயிலை இல்லாத நாட்டுக்கு ஒரு பயணம்

நவம்பர் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை ஐந்து மணிக்கு, குன்னூர் வண்டிச்சோலையிலிருந்து எங்கள் தென்னமெரிக்கப் பயணம் தொடங்கியது. பெட்டிகளை டாக்சியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா குடையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், அவ்வளவு தூரம் போய் என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"அருவிங்க்கா."

"அருவியா? நம்ம லாஸ் ஃபால்ஸ் பத்தாதுங்களா?"

மழையில் நிற்கவைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே ஏறி, கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வாசகர்களுக்கு விளக்கிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கோத்தகிரி சாலையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வந்து தூளாக மூட்டையேறி வெளியே போகும்வரை அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. இலை எப்படி வாடியது, ரோலரில் என்ன சத்தம் வந்தது, டிரையரில் சூடு ஏன் ஏறவில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போய்விடும். "சோத்தத் தின்னுட்டுப் பேசுங்க" என்று நான் கத்தாத நாள் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் தேயிலை விலை விழுந்தது எல்லோருக்கும் தெரியும். பச்சை இலை கிலோ நாலு ரூபாய், ஐந்து ரூபாய் என்று இறங்கி, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் போயிற்று. ஒரு நாள் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். அன்று வீடு வந்து செருப்பைக் கழற்றியவர், பேச்சையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டார். கேட்டால் "ம்". சாப்பிடக் கூப்பிட்டால் "ம்". ஒரு வருடம் இப்படியே போயிற்று. சத்தமில்லாத வீட்டில் குடியிருப்பது எவ்வளவு பயங்கரம் என்பது வாயாடியோடு குடும்பம் நடத்தியவளுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஃபேக்டரிக்கு இலை போட்டுக்கொண்டிருந்த சிறு விவசாயிகள் ஒன்று சேர்ந்து, அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தப் பார்த்தார்கள். அவர்கள் சார்பில் எடப்பள்ளி போஜன் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். "அண்ணன் வராம நாங்க ஃபேக்டரியத் தொறக்க மாட்டோமுங்க டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் சன்னலுக்கு வெளியே பார்ப்பார். போஜன் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போவார்.

கோயமுத்தூர் டாக்டர், "கொஞ்ச நாள் தேயிலையே கண்ணுல படாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எங்கே போவது? எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் தேயிலை. மூணாறு போனால் தேயிலை, வால்பாறையிலும் தேயிலை. அவருடைய அக்கா இருப்பதோ கண்டியில். அப்போதுதான் எங்கள் மகள் கவிதா, மாப்பிள்ளையின் வேலைக்காக ஒரு வருடம் அர்ஜென்டினாவில் இருக்கப் போனவள், "வாங்கம்மா, டிக்கெட் நாங்க போடறோம்" என்றாள். நான் குன்னூரில் முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். அர்ஜென்டினா என்றால் கோதுமை, மாட்டிறைச்சி, பம்பாஸ் புல்வெளி. எத்தனை பிள்ளைகளைக் கைவலிக்க எழுதவைத்திருக்கிறேன்! "அங்க தேயிலை ஒரு செடி கிடையாது" என்று மகளிடம் அடித்துச் சொன்னேன். அங்கே இகுவாசு அருவி இருக்கிறது. சுவரில் தொங்கும் வரைபடத்தில் மூன்று நாடுகள் சேரும் அந்த இடத்தில் குச்சியை வைத்து வைத்து, அங்கே தாள் கிழிந்தே போயிருந்தது. அதை நேரில் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

மும்பை, ஜோகன்னஸ்பர்க், சாவோ பாலோ என்று மாறி மாறிப் பறந்து பியூனஸ் ஐரிஸில் இறங்கியபோது கால் இரண்டும் வீங்கிவிட்டன. அழகான ஊர். வீதிகள் அகலம், மரங்களெல்லாம் ஊதாப் பூவாகப் பூத்திருந்தன. அவர்களுடைய பணமும் அப்போது அடிமட்டத்துக்கு விழுந்திருந்தது. ஒரு பெசோ நம் பணத்துக்குப் பதினைந்து ரூபாய்ச் சொச்சம். முன்பு இதுபோல் மூன்று மடங்காம். அதனால்தான் எங்களைப் போன்றவர்களும் அங்கே தாராளமாகச் சுற்ற முடிந்தது. மகள் எங்களைக் கடைவீதிக்கும் ஆற்றங்கரைக்கும் தெருவில் நடனமாடுகிற இடத்துக்கும் கூட்டிப்போனாள். ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நல்லாருக்குதுங்களா?" என்று அவரைக் கேட்டேன். "ம்" என்றார்.

அருவிக்குப் பேருந்தில் போவதென்று முடிவானது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர், ஆளுக்கு நூறு பெசோவுக்குள். மகளுக்கு வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும். திட்டம் மிகச் சுருக்கம்: மாலை ஏறினால் மறுநாள் பிற்பகல் இகுவாசு, அதற்கடுத்த நாள் முழுக்க அருவி, அதன் மறுநாள் காலை விமானத்தில் திரும்பிவிட வேண்டும். இரண்டடுக்குப் பேருந்து. இருக்கையைச் சாய்த்தால் கட்டில். நம் ஊர் மேட்டுப்பாளையம் பஸ்ஸை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கினேன்.

காலை ஏழு மணிக்குக் கண் விழித்தால் போசாதாஸ் என்ற ஊர். பரானா ஆறு கடல்போல் கிடந்தது. மண் செக்கச்செவேலென்று இருந்தது. எதிர் வரிசையில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெயர் மார்த்தா. என் வயதுதான் இருக்கும். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவளாம். நானும் டீச்சர்தான் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு சுரைக்குடுக்கையை எடுத்தாள். அதில் பச்சைத் தூளைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, வெள்ளிக் குழல் ஒன்றைச் செருகி உறிஞ்சினாள். அதன் பெயர் மாத்தே. ஒருவர் குடித்ததும் மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். அதே குழல், வரிசையாக எல்லார் வாயிலும்.

எச்சில்! ஆனால் பாசமாகக் கொடுப்பதை எப்படி மறுப்பது? நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே குடுக்கை என் வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. அவர் ஒரு கணம் யோசித்தார். நம் ஊரில் அடுத்தவர் செம்பில் தண்ணீர் குடிப்பதென்றால் எப்படிக் குடிப்போம்? அதைத்தான் அவரும் செய்தார். குழலை உருவி மார்த்தா கையில் கொடுத்துவிட்டு, குடுக்கையை உயரத் தூக்கி, அண்ணாந்து, வாயில் ஊற்றிக்கொண்டார். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

வெந்நீரும் தூளும் மூக்கு, மீசை, சட்டை என்று ஒன்று விடாமல் வழிந்தன. பேருந்தே எழுந்து நின்று பார்த்தது. மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குழலைத் தொட்டு ஆட்டுவதே அங்கே மரியாதைக் குறைவாம், இவர் உருவியே கொடுத்துவிட்டார். நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் மீசையில் ஒட்டியிருந்த தூளை விரலால் எடுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார்.

"ரோலர்ல போடவே இல்ல புள்ள. பச்சையா நெருப்புல வாட்டி இடிச்சிருக்கறாங்க" என்றார்.

ஒரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். எனக்கு முந்தானை கையிலேயே நின்றுவிட்டது.

அதற்கு மேல் பத்துக் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். ஆற்றோரச் சாலையில் மறியல் என்று வண்டியைத் திருப்பிவிட்டார்கள். வேலை கேட்டு டயர் கொளுத்தி உட்கார்ந்திருக்கிறார்களாம். நம் ஊரிலும் அந்த வருடங்களில் இலை விலைக்காக எத்தனை மறியல்! எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. பேருந்து உள்பக்கமாக, ஒபெரா என்ற ஊர் வழியாகச் சுற்றிப் போகும் என்றார்கள். மார்த்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுடைய தம்பி வீடு அந்த வழியில்தான், வண்டி மாறாமல் நேரே போய் இறங்கிக்கொள்ளலாம்.

ஒபெராவைத் தாண்டியதும் மேடும் பள்ளமுமாகச் சிவப்பு நிலம் வந்தது. சிவப்பின் மேல் பச்சை. வெட்டிவிட்டதுபோல் மட்டமான பச்சை, வரிசை வரிசையாக. நான் பார்த்தேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

தேயிலை.

இடப்பக்கம் தேயிலை, வலப்பக்கம் தேயிலை, கண்ணுக்கு எட்டியவரை தேயிலை! முப்பது வருடம் பூகோளம் நடத்தியவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மார்த்தாவிடம் கேட்டால், "ஆமாம், எங்கள் மிசியோனெஸ் மாகாணம் முழுக்கத் தேயிலைதானே, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள். நான் மெல்ல எழுந்து சன்னல் திரையை இழுத்துவிடப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்.

காம்போ வியேரா என்ற சிற்றூரில் சாப்பாட்டுக்கு அரை மணி நிறுத்தினார்கள். மார்த்தாவும் அங்கேதான் இறங்கினாள். போனில் சொல்லியிருந்தாளாம், தம்பி பெத்ரோ லாரியோடு வந்து காத்திருந்தார். பூனைக்கண், வெயிலில் சிவந்த கழுத்து. எதிரே தெரிந்த தோட்டமும் அதையொட்டிய ஃபேக்டரியும் அவருடையவையாம். அவர்களுடைய தாத்தா உக்ரைனிலிருந்து வந்து காடு திருத்தியவராம். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் வீட்டுக்காரர் சாலையைக் கடந்து தேயிலைக்குள் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். அங்கே ஒரு தலைப்பாகை இல்லை, கூடை இல்லை, பேச்சுச் சத்தம் இல்லை. உயரமான இயந்திரம் ஒன்று இரண்டு பக்கமும் கால் பரப்பிக்கொண்டு செடி வரிசை மேல் நடந்துவர, மேலே ஒரே ஒரு ஆள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். பின்னால் சாக்கு ரொம்பிக்கொண்டே வந்தது. நம் ஊரில் ஒரு கூட்டமே நாள் முழுக்கப் பறிக்கிற இலையை அந்த ஒற்றை ஆள் சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிடுவான் போலிருந்தது.

"இங்கேயும் விலை இல்லை" என்று பெத்ரோ சொன்னதை மார்த்தா எனக்குச் சொன்னாள். அடுத்த தோட்டத்துக்காரர் வெட்டாமல் கைவிட்டுவிட்டாராம். கையைக் காட்டினார். அங்கே தேயிலைச் செடியெல்லாம் மரமாகி, தலைக்கு மேல் காடாக நின்றது.

போச்சு, போ. எதிலிருந்து தப்பிக்க இத்தனை கடல் தாண்டி வந்தோமோ, அதே இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டேன். இதையெல்லாம் பார்த்தால் மனுஷர் இனி "ம்" கூடச் சொல்லமாட்டார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"வாங்க, வண்டி கெளம்புது."

"நீ போய்ட்டு வா. நான் இவங்க ஃபேக்டரியப் பாத்துட்டு நாளைக்கு வாரேன்."

"அருவி?"

"நீ பாரு."

எனக்கு வந்ததே கோபம்! "பூமிக்கு மறுபக்கம் வந்தும் ஃபேக்டரியா? உங்களுக்குப் பாஷை தெரியுமா? சோறு கிடைக்குமா? என்னைத் தனியா அனுப்பறீங்களே, நான் எப்படிப் போவேன்?" என்று நடுத் தோட்டத்தில் நின்று கத்தினேன். இயந்திரக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். ஒரு வருடமாக அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை. "டீச்சரம்மா, நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன். போய்ட்டு வா" என்றார். நல்ல காலத்தில் அவர் என்னைக் கூப்பிடுகிற பெயர் அது.

மார்த்தா என் தோளைத் தொட்டு, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நாளை மதியப் பேருந்தில் நானே ஏற்றிவிடுகிறேன்" என்றாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பேருந்தில் ஏறினேன். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ஏதோ ஒரு செடியின் தூரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இகுவாசு அருவிப் பூங்கா வாசலில் முதல் ஆளாக நின்றேன். வெளிநாட்டாருக்கு நுழைவு முப்பது பெசோ. உள்ளே ஊட்டி ரயில்போல் ஒரு குட்டி ரயில் காட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து ஆற்றின் மேலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இரும்பு நடைபாதை. ஆறு அமைதியாகத்தான் போகிறது. பட்டாம்பூச்சிகள் கையில் வந்து உட்காருகின்றன. நடக்க நடக்கத் தூரத்தில் புகை. பிறகு ஓர் இரைச்சல், காலுக்கு அடியில் நடுக்கம். பாதை முடிகிற இடத்தில் ஆறே இல்லை. அப்படியே உள்ளே விழுந்துவிட்டது. சாத்தானின் தொண்டை என்று பெயராம். மூன்று பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் கொட்டி, அடி எங்கே என்றே தெரியாமல், தண்ணீர் திரும்பப் புகையாக எழும்பி முகத்தில் அறைகிறது.

அடேயப்பா! புடவை தொப்பலாக நனைந்தது. கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. பக்கத்தில் இடித்துச் சொல்ல ஆள் இல்லை. "ஏனுங்க! இங்க பாருங்க!" என்று அருவிக்குள் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்படியொரு ஆனந்தத்தோடும், அப்படியொரு கோபத்தோடும் நான் எந்த இடத்திலும் நின்றதில்லை.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கட்டிக்கொடுத்த சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்தேன். கீரிப்பிள்ளைக்கும் மரநாய்க்கும் நடுவில் ஒரு சாயலில், வரிவால் தூக்கிய பிராணிகள் நாலைந்து வந்தன. ஒன்று மடியில் ஏறியது, இன்னொன்று பொட்டலத்தோடு ஓடியது. எங்கள் மலைப்பாதையில் பர்லியார் குரங்குகள் தோற்றன. அன்று மதியம் ஐஸ்கிரீம்தான் சாப்பாடு.

பொழுது சாய்வதற்கு முன்பே ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டேன். மதியப் பேருந்து நாலரைக்கு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் இல்லை. அந்த மரமாகிப்போன தேயிலைக்குள் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாரோ? கைவிட்ட தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து மனசு இன்னும் ஒடிந்துபோயிற்றோ? விட்டுவிட்டு வந்தேனே, நான் ஒரு பொண்டாட்டியா என்று என்னையே திட்டிக்கொண்டேன். மார்த்தாவின் போன் எண்ணைக்கூட வாங்கிவைக்கவில்லை.

ஆறு மணிக்கு இன்னொரு பேருந்து வந்தது. கதவு திறக்கும் முன்பே உள்ளே அவர் வாய் அசைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஓட்டுநரிடம் தமிழில் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆளும் தலையாட்டிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் செம்மண், தலையெல்லாம் ஃபேக்டரியில் பறக்கும் தேயிலைப் பஞ்சு.

"புள்ள, கேளு" என்று படியிலேயே தொடங்கினார். "இவங்க யாரும் டீயே குடிக்கறதில்ல! அத்தனையும் அமெரிக்காவுக்குப் போவுதாம், ஐஸ் போட்டுக் குடிக்கறதுக்கு. டீ வளக்கறவன் ஊட்ல டீ இல்ல. எனக்கு மனசு கேக்கல. நேத்தே நானே கையில கொழுந்து பறிச்சுட்டேன். ரெண்டு இலை ஒரு மொட்டு. பாத்துச் சிரிச்சானுங்க. ராத்திரி துணியில வாடப் போட்டுட்டு, காலைல உள்ளங்கையில வெச்சு உருட்டி, புளிக்க விட்டு, மார்த்தாம்மா ரொட்டி சுடற சட்டியில காய வெச்சேன். அதுல நேரமாயிருச்சு, மத்தியான பஸ்ஸ உட்டுட்டோம். வாசன வந்துது பாரு! பெத்ரோ ரெண்டு தம்ளர் குடிச்சான். ஃபேக்டரி ஆளுங்க பத்துப் பேரு வரிசையில நின்னாங்க."

"அங்கயும் விலை இல்லயே" என்றேன், பயந்துகொண்டே.

"இல்லதான். நானும் மார்த்தாம்மாவ உட்டுப் பெத்ரோவக் கேட்டேன், அப்புறம் எதுக்கு ஃபேக்டரிய ஓட்டறீங்கன்னு. 'காலைல எந்திரிச்சா இலை நிக்குது, என்ன பண்றது?'ன்னான். சொல்லிப்போட்டு மிஷினுக்குக் கிரீஸ் போடப் போயிட்டான். அவன் டிரையர்ல சூடு வீணாப் போவுது புள்ள, நம்ம ஃபேக்டரியிலயும் அதே எடத்துலதான் போவும், அத என்ன பண்ணலாமுன்னா…"

"அருவி எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சொல்லு, சொல்லு" என்றார். நான் குட்டி ரயிலில் ஏறுவதற்குள் டிரையருக்குப் போய்விட்டார். மறுநாள் காலை விமானம் எழும்பியபோது, கீழே காட்டுக்கு நடுவில் வெள்ளைப் புகை தெரிந்தது. "அதாங்க அருவி!" என்று அவர் தலையைப் பிடித்துத் திருப்பினேன். பார்த்தார். "நீராவிதான், நல்லா வருது" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். என்ன செய்வது இவரை?

பியூனஸ் ஐரிஸில் மகள் அப்பா பேசுவதைக் கேட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள். ஜோகன்னஸ்பர்க்கில் பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாற்றிக்கொண்டார். கோயமுத்தூரில் டாக்சி ஏறி, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறத் தொடங்கினோம். பாக்கு மரங்களும் ஈரமும் வந்தன. பெத்ரோ ஊரில் நிலம் விரித்துப்போட்ட செம்மண் படுக்கை. இங்கே எல்லாம் சரிவு, ஒவ்வொரு இலைக்கும் ஒருவர் குனிந்து நிற்க வேண்டும். எதில் லாபம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் இனி எந்த நாட்டிலும் என்ன விளைகிறது என்று அடித்துச் சொல்வதாக இல்லை.

பர்லியாரில் டீக்கு நிறுத்தச் சொன்னார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நேரே போன் பூத்துக்குள் போனார். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை.

"போஜா? நான்தான். ஃபேக்டரிச் சாவி யாருகிட்ட இருக்குது?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

வண்டி மறுபடி ஏறியது. அவர் முன் இருக்கைக்கு மாறி, வாடிய இலைக்கும் வாடாத இலைக்கும் உள்ள வித்தியாசத்தை டிரைவருக்குச் சொல்லத் தொடங்கினார். ஒரு கொண்டை ஊசி வளைவு, இரண்டு, மூன்று. டிரைவர் இளைஞர், பொறுமைசாலி. குன்னூர் நெருங்கும்போது ரோட்டோரம் ஒதுங்கி நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்கம்மா, அய்யா எப்பவுமே இப்படித்தான் பேசிட்டே வருவாருங்களா?"

"எப்பவுமே இப்படித்தாங்க" என்றேன். "நடுவுல ஒரு வருஷம் லீவுல இருந்தாரு."